கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரவுசர்: ஐந்து மாத அனுபவம்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில்தான் ஜெராக்ஸ். வருமானத்தில் பாதிக்கு மேல் ஆன்லைன் விண்ணப்பத்தில் வருகிறது: பரீட்சை, உதவித்தொகை, பட்டா, வருமானச் சான்று, ரயில் டிக்கெட். கம்ப்யூட்டர் இரண்டு. உள்ளே இருப்பது என்னுடையது. அதில் கல்யாணப் பத்திரிகை டிசைன், மூன்று கடைக்காரர்களின் ஜிஎஸ்டி, கடை வாட்ஸ்அப் எல்லாம் ஓடும். முன்னால் இருப்பதில் வாடிக்கையாளர்கள் உட்காருவார்கள், இல்லாவிட்டால் செல்வி உட்கார்ந்து அடித்துக் கொடுப்பாள். அது ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. செகண்ட் ஹேண்டில் 9,500 ரூபாய்க்கு வாங்கியது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள்.

2025 ஆடி மாதம் ஒரு சாயங்காலம் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி விண்ணப்பம் போட வந்தாள். மெயில் ஐடி கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து அடித்தாள். கீழே ஏணி மாதிரி பழைய ஐடிகள் வரிசையாக இறங்கின. அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இது எங்க பெரியப்பா ஐடி. அவர் எதுக்கு இங்க வந்தாரு?"

பெரியப்பா முந்தின வாரம் குடும்ப நிலத்துக்கு ஈசி போட வந்திருந்தார். வில்லங்கச் சான்று யார் எதற்குப் போடுவார்கள் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஜெராக்ஸ் எடுக்க வந்திருப்பாரும்மா" என்று சமாளித்தேன். அந்தப் பெண் நம்பிய மாதிரி தெரியவில்லை.

அதே வாரத்தில்தான் குரோமில் நான் வருடக்கணக்காக வைத்திருந்த யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானும் போனது. குரோம், எக்ஸ்டென்ஷன் எனப்படும் கூடுதல் நிரல்களுக்கான விதிகளை மாற்றியதால் (மேனிஃபெஸ்ட் 3 என்பார்கள்) 2024-லேயே எச்சரிக்கை காட்டத் தொடங்கி, 2025-இல் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்த லைட் பதிப்பு மோசமில்லை. ஆனால் பழையது செய்த எல்லாவற்றையும் அதனால் செய்ய முடியாது. தடுப்பான் போனதும் போட்டோ சுருக்கும் தளங்களில் பச்சைப் பச்சையாகப் பொய் டவுன்லோடு பட்டன்கள் முளைத்தன. செல்வி ஒரே நாளில் இரண்டு முறை தப்பான பட்டனை அழுத்தினாள்.

சரி, பிரவுசரையே மாற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது.

முதலில் இப்போது என்னென்ன சிந்திக் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். இந்த ஒரு காரியத்தைத்தான் முதல் நாளே சரியாகச் செய்தேன், ஆனால் எழுதிய தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு மறந்துபோனேன். தாளில் இருந்தது இது: சேமித்த பாஸ்வேர்டுகள் 61, அதில் என்னுடையவை 4. தானாக நிரம்பும் முகவரிகள் 20-க்கு மேல், கதவு எண்ணோடு. டவுன்லோடு ஃபோல்டரில் 3,412 கோப்புகள், 11 ஜிபி. பெரும்பாலும் ஆதார், சாதிச் சான்று, மார்க் ஷீட். லாகினிலேயே நின்ற மெயில் கணக்கு ஒன்று, யாருடையது என்றே தெரியாது.

பிறகு இணையத்தில் தனியுரிமை பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் வழி தவறியது. படித்ததெல்லாம் விளம்பரக் கம்பெனிகள் எப்படிப் பின்தொடர்கின்றன, பிரவுசரின் கைரேகையை, அதாவது அதைத் தனியாக அடையாளம் காட்டும் சின்னச் சின்ன விவரங்களை, எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். மூன்று இரவு படித்ததில் எனக்கும் சூடேறிவிட்டது. இருப்பதிலேயே இறுக்கமானதைப் போடுவோம் என்று லிப்ரவுல்ஃபை நிறுவினேன். இது ஃபயர்பாக்ஸை எடுத்து, கம்பெனிக்குத் தகவல் அனுப்பும் பகுதிகளை நீக்கி, யுபிளாக் ஆரிஜினைக் கூடவே வைத்து, எல்லாத் திருகாணியையும் முறுக்கி வைத்த பிரவுசர். மூடினால் குக்கி (தளங்கள் நம்மை நினைவில் வைக்க பிரவுசரில் போடும் குறிப்பு) எல்லாம் அழிந்துவிடும், பாஸ்வேர்டை சேமிக்கவா என்று கேட்காது. எனக்கு வேண்டியதெல்லாம் இதுதானே?

இரண்டாம் நாள் ஒரு பையன் தேர்வு விண்ணப்பத்துக்கு வந்தான். போட்டோ 20-இலிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-இலிருந்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும். செல்வி வழக்கம்போல ஒரு சுருக்கும் தளத்தில் போட்டோவை ஏற்றி இறக்கினாள். "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தால் பையன் முகமே இல்லை. பச்சை, ஊதா, மஞ்சள் என்று மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, பவானி ஜமக்காளத்தை விரித்து வைத்த மாதிரி. கேபி அளவு மட்டும் துல்லியமாக 43.

போட்டோ கெட்டுவிட்டது என்று மறுபடி எடுத்தோம். மறுபடியும் ஜமக்காளம். வேறு தளத்திலும் ஜமக்காளம். கேமராவின் மெமரி கார்டைச் சந்தேகப்பட்டு அரை மணி நேரம் அதை வேறு நோண்டினேன். கடைசியில்தான் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பட ஐகான் கண்ணில் பட்டது. இந்தத் தளங்கள் படத்தை பிரவுசருக்குள்ளேயே ஒரு கேன்வாஸில் வரைந்து, சுருக்கி, திரும்ப எடுக்கின்றன. அதே கேன்வாஸை வைத்துத்தான் கைரேகையும் எடுக்கிறார்கள். அதனால் கைரேகைத் தடுப்பை முழுசாகப் போட்ட பிரவுசர், கேன்வாஸைப் படிக்க யார் கேட்டாலும் குப்பையைக் கொடுத்து அனுப்புகிறது. அந்த ஐகானை அழுத்தி அனுமதி கொடுத்ததும் பையன் முகம் திரும்ப வந்தது.

அதோடு முடியவில்லை. அந்தத் தடுப்பு உள்ளூர் நேரத்தையும் மறைக்கும். காலை 10 மணி ஸ்லாட் ஒரு தளத்தில் 4.30 என்று காட்டியது. ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பாஸ்போர்ட்டுக்கு விடியற்காலை நாலரைக்கு வரச்சொல்கிறார்கள் என்று ஒரு பாட்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! பிரவுசருக்குள் கிராஃபிக்ஸ் வரைய உதவும் வெப்ஜிஎல் அணைந்திருந்ததால் வரைபடங்கள் சரியாக வரவில்லை. ஆபத்தான தளம் என்று எச்சரிக்கும் சேஃப் பிரவுசிங் வசதியும் அதில் இயல்பாக அணைந்தே இருக்கும். கண்டதையும் அழுத்தும் கூட்டம் உட்காருகிற நாற்காலிக்கு அது சரிப்படாது. ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். லிப்ரவுல்ஃப் மேல் குறை ஒன்றும் இல்லை. அது தனி ஆளுக்குத் தைத்த சட்டை, நான் அதைக் கொண்டுபோய் சத்திரத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேடிக்கை பார்த்தேன். இஎஃப்எஃப் என்ற அமைப்பு 'கவர் யுவர் டிராக்ஸ்' என்று ஒரு சோதனைப் பக்கம் வைத்திருக்கிறது. உங்கள் பிரவுசர் எவ்வளவு தனித்துத் தெரிகிறது என்று அது சொல்லும். உள் கம்ப்யூட்டரின் ஃபயர்பாக்ஸில் சும்மா ஓட்டினேன். கடந்த 45 நாளில் சோதித்தவர்களில் உங்களைப் போல் வேறு யாரும் இல்லை என்றது. ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காட்டிக்கொடுத்ததில் ஒன்று தமிழ். என் பிரவுசர் ஒவ்வொரு தளத்திடமும் 'எனக்கு முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம்' என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஊரெல்லாம் ஆங்கிலம் கேட்கும் இடத்தில் தமிழ் கேட்பவன் தனியாகத் தெரியாமல் எப்படி இருப்பான்? அடையாளத்தை மறைப்பதற்கென்றே இருக்கும் டார் பிரவுசரில் இதற்காகவே ஆங்கிலப் பக்கங்களைக் கேட்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். நான் மாற்றவில்லை. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

முன் கம்ப்யூட்டருக்கோ இந்தக் கைரேகைக் கவலையே வேண்டாம். ஒரு நாளில் நாற்பது பேர் ஒரே பிரவுசர், ஒரே இணைப்பு. பின்தொடர்கிறவன் கண்ணுக்கு அங்கே இருப்பது ஒரே ஆள்: காலையில் நர்சிங் படிப்பு தேடி, மத்தியானம் முதியோர் ஓய்வூதியம் கேட்டு, சாயங்காலம் போலீஸ் வேலைக்கு மனுப் போடுகிற ஆள். அவனைத் தொடர்ந்து யார் என்ன விற்கப் போகிறார்கள்? இது உறைத்த பிறகுதான் டிராயரில் போட்ட தாள் ஞாபகம் வந்தது. அதில் விளம்பரக் கம்பெனி என்ற வார்த்தையே இல்லை. என் கடையில் தனியுரிமை என்றால் அடுத்து உட்காருகிறவர் முன்னால் உட்கார்ந்தவரைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் தேடியது அந்தக் கண்ணோடுதான்.

பிரேவை ஒரு வாரம் ஓட்டினேன். குரோமின் அதே அடிப்படை என்பதால் எந்தத் தளமும் முறைக்கவில்லை. விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. ஒரு தளத்தை மூடியதும் அதை மறந்துவிடச் சொல்லும் வசதியும் உண்டு. வீட்டுக்கு என்றால் தாராளமாகச் சொல்வேன். ஆனால் புதிய டேப் பக்கத்தில் வரும் விளம்பரப் படம், வாலட், ரிவார்ட்ஸ் பட்டன்கள் எல்லாம் எங்கள் கடைக்கு ஒத்துவரவில்லை. மறைக்கலாம், மறைத்தேன். அதற்குள் "தம்பி, இதுல காசு குடுப்பாங்களாமே?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

விவால்டியில் டேப் அடுக்குவது, குறிப்பெழுதுவது என்று வசதிகள் கொட்டிக் கிடக்கின்றன. எனக்குப் பிடித்தது. செல்விக்குத் தலை சுற்றியது. இரண்டே நாள்.

மிச்சம் ஃபயர்பாக்ஸ். இவர்களும் ஒன்றும் துறவிகள் இல்லை. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்கு வரும் பணம். 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிமுறை என்று ஒன்றை வெளியிட்டு, வாசகம் சரியில்லை என்று எல்லோரும் கத்திய பிறகு சில நாளில் திருத்தினார்கள். பிரேவும் 2020-இல் சில முகவரிகளை அடிக்கும்போது தனக்குக் கமிஷன் தரும் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்து மாட்டிக்கொண்டு, பிறகு மாற்றியது. கறை இல்லாதவரைத் தேடினால் கடையை மூட வேண்டியதுதான். ஃபயர்பாக்ஸில் பழைய யுபிளாக் ஆரிஜின் முழுசாக ஓடுகிறது. 2022-இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் போடுவது அதில் இயல்பாகவே இருக்கிறது. இதெல்லாம் போனஸ். என்னை வளைத்துப் போட்டவை வேறு இரண்டு.

ஒன்று, ஒரு பட்டன். டூல்பாரைத் திருத்தும் பக்கத்துக்குப் போனால் 'ஃபர்கெட்' என்று ஒரு பட்டன் கிடக்கும். இழுத்து மேலே வைத்துக்கொள்ளலாம். அழுத்தினால் கடைசி ஐந்து நிமிடமா, இரண்டு மணி நேரமா, 24 மணி நேரமா என்று கேட்கும். தேர்ந்தெடுத்ததும் அந்த நேரத்துக்குள் வந்த குக்கி, வரலாறு எல்லாவற்றையும் அழித்து, திறந்திருந்த டேப் விண்டோ எல்லாவற்றையும் மூடி, புது விண்டோ ஒன்றைத் திறந்து வைக்கும். வாடிக்கையாளர் எழுந்ததும் செல்வி ஒரு முறை அழுத்துவாள். இரண்டு மணி நேரம் என்று வைப்பதுதான் எங்களுக்கு வழக்கம். மேஜையைத் துணியால் துடைப்பது போலக் கை தானாகப் போகிறது. இத்தனை வருடம் ஃபயர்பாக்ஸை வைத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இரண்டு, பாலிசி கோப்பு. பெரிய அலுவலகங்களுக்காக வைத்த வசதி இது. ஃபயர்பாக்ஸ் இருக்கும் ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் 'பாலிசிஸ்' என்ற பெயரில் ஜேசன் வகை உரைக் கோப்பு ஒன்றை வைத்தால் போதும். அதில் எழுதியதை யாராலும் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் மாற்ற முடியாது. நான் எழுதியது ஐந்து: படிவத்தில் அடித்ததை நினைவில் வைக்காதே, பாஸ்வேர்டு சேமிக்கவா என்று கேட்காதே, முகவரியையும் கார்டையும் தானாக நிரப்பாதே, மூடும்போது எல்லாவற்றையும் துடை, யுபிளாக் ஆரிஜினை யாரும் நீக்க முடியாதபடி நீயே போட்டுக்கொள்.

எழுதியது பத்து நிமிடம், வேலை செய்ய வைத்தது ஒன்றரை மணி நேரம். முதலில் எதுவுமே நடக்கவில்லை. நோட்பேடில் சேமித்ததால் கோப்பின் பெயருக்குப் பின்னால் விண்டோஸ் கமுக்கமாக டிஎக்ஸ்டி என்று ஒட்டியிருந்தது. கோப்பு வகையைக் காட்டாமல் மறைப்பது விண்டோஸில் இயல்பு, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைச் சரி செய்ததும் அடுத்தது: ஒரு வரி முடிவில் காற்புள்ளியை விட்டிருந்தேன். முகவரிப் பட்டையில் 'அபவுட் பாலிசிஸ்' என்று ஆங்கிலத்தில் நடுவில் முக்காற்புள்ளி வைத்து அடித்தால், எந்த விதி ஓடுகிறது, எங்கே பிழை என்று ஒரு பக்கம் காட்டும். அதை முதலிலேயே திறந்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். இப்போது அந்தக் கோப்பின் நகல் பென் டிரைவில் இருக்கிறது.

இனி ஒத்துப்போகாத தளங்கள். இங்கேதான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

ஒரு விண்ணப்பத் தளம் ஃபயர்பாக்ஸைப் பார்த்ததும் 'குரோம் மட்டும் பயன்படுத்தவும்' என்று கதவைச் சாத்தியது. இப்படிப்பட்ட தளங்கள் பல, பிரவுசர் சொல்லும் பெயரை மட்டும்தான் பார்க்கும். (அந்தப் பெயரே ஒரு கூத்து. இன்றைக்கும் குரோம் தன்னை அறிமுகப்படுத்தும்போது 'மோசில்லா 5.0' என்றுதான் தொடங்கும். அந்தக் காலத்துத் தளங்கள் கதவைத் திறக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட வேஷம், கலைக்க ஆள் இல்லை.) நாமும் வேஷம் போடுவோம் என்று, பெயரை மாற்றிச் சொல்லும் ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். கதவு திறந்தது. எனக்கு ஒரே பெருமை.

பக்கத்துக் கிராமத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மாவுக்கு அதில்தான் போட்டேன். பதினோரு பகுதிகள். வங்கி விவரம், குடும்ப அட்டை, சான்றிதழ் எண்கள் எல்லாம் அடித்து, கோப்புகளை ஏற்றி, கடைசியில் சரிபார்க்கும் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. அழுத்த அழுத்த அப்படியே நிற்கிறது. பக்கத்தைப் புதுப்பிக்கவும் பயம். அப்படியே யோசித்துக்கொண்டிருக்கும்போது 'உங்கள் அமர்வு முடிந்தது' என்று வந்துவிட்டது. நாற்பது நிமிட வேலை போனது. குழந்தை அழுகிறது, அவர் போக வேண்டிய பஸ் கண் முன்னால் கிளம்பிப் போகிறது. குரோமைத் திறந்து முதலிலிருந்து மறுபடி அடித்தேன். காசு வாங்கவில்லை. பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அன்று ராத்திரியே அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கினேன். ஏதாவது படிக்க மட்டும் என்றால் வேஷம் போடலாம், படிவம் நிரப்பக் கூடாது.

அதற்குப் பதில் இப்போது இருப்பது: டெஸ்க்டாப்பில் குரோமுக்கு ஒரு ஷார்ட்கட், நேராக விருந்தினர் விண்டோவில் திறக்கும்படி. ஷார்ட்கட்டின் பண்புகளில், குரோமின் முகவரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு இரண்டு சிறு கோடு போட்டு கெஸ்ட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். விருந்தினர் விண்டோவை மூடினால் குக்கியும் வரலாறும் போய்விடும். எக்ஸ்டென்ஷன் எதுவும் அதில் ஓடாது. விண்ணப்பத் தளங்களில் விளம்பரம் இல்லை என்பதால் பாதகமில்லை. மேலே ஒரு ஸ்டிக்கரில் செல்வி எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'முரண்டு பிடித்தால் இது'.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கேட்கும் பழைய தளம் ஒன்று இன்னும் அடியில் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11' என்று போட்டிருக்கிறது. எக்ஸ்புளோரரே 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்கு எட்ஜ் பிரவுசரில், பழைய எக்ஸ்புளோரர் மாதிரி தளத்தை ஓட்டும் ஐஇ மோடு உண்டு. ஒரு தளத்தை அதில் திறக்கச் சொல்லிச் சேர்த்தால் 30 நாள்தான் நினைவிருக்கும், பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். மாதம் ஒரு முறை "போன மாசம் ஓடிச்சே" என்று நான் முழிப்பது இதனால்தான். இப்போது காலண்டரில் எழுதி வைத்துவிட்டேன்.

உள் கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸோடு மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் எக்ஸ்டென்ஷன். மூன்று கடைக்காரர்களின் கணக்கு ஒரே தளத்தில், மூன்று நிற டேப்புகளில், ஒரே நேரத்தில் திறந்திருக்கும். முன்பெல்லாம் ஒருவரை வெளியேற்றிவிட்டு அடுத்தவரை நுழைக்க வேண்டும். எள் கடைக்காரர் மஞ்சள், ஹார்டுவேர் நீலம், ஜவுளி சிவப்பு. அங்கேயும் மூடும்போது குக்கி அழியும்படி வைத்து, தினமும் காலையில் வாட்ஸ்அப்புக்கு க்யூஆர் ஸ்கேன் செய்து சலித்து, பிறகுதான் விதிவிலக்குப் பட்டியல் என்று ஒன்று இருப்பதைக் கண்டேன். வாட்ஸ்அப்பும் கடை மெயிலும் மட்டும் அதில்.

டவுன்லோடு ஃபோல்டர் பாக்கி இருந்தது. எந்த பிரவுசர் போட்டாலும், கெஸ்ட் விண்டோ ஆனாலும், இறக்கிய கோப்பு இறக்கிய இடத்தில்தான் கிடக்கும். தினமும் ராத்திரி அதை மொத்தமாகத் துடைக்க நாலு வரியில் ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டேன். இரண்டிலும்! மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு கல்யாணப் பத்திரிகை டிசைனை சோம்பேறித்தனமாக உள் கம்ப்யூட்டரின் டவுன்லோடிலேயே வைத்திருந்தேன், காணோம். பேட்ச் கோப்பு அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சரிபார்க்க அனுப்பிய பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் இருந்ததால் அதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்து செய்தேன், நாலு மணி நேரம். இப்போது அந்தக் கோப்பு முன் கம்ப்யூட்டரில் மட்டும், அதுவும் 'இன்று' என்ற ஒரே ஃபோல்டரை மட்டும் துடைக்கும். இரண்டு பிரவுசரும் அதில்தான் இறக்கும்.

தாளில் எழுதாமலே விட்டுப்போன ஒன்று, இந்தச் சுருக்கும் தளங்கள். ஜமக்காளம் வந்திருக்காவிட்டால் நான் யோசித்தே இருக்க மாட்டேன். எட்டு வருடமாக ஊர்க்காரர்களின் முகம், கையெழுத்து, ஆதார் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத தளங்களில் ஏற்றியிருக்கிறோம். பிரவுசரை எவ்வளவு இறுக்கி என்ன? இப்போது போட்டோவும் கையெழுத்தும் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில். ஏற்றுமதி செய்யும்போது முன்னோட்டத்தை டிக் செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்க கேபி எவ்வளவு என்று அங்கேயே காட்டுகிறது. சான்றிதழ்களை 150 டிபிஐயில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் சுருக்கவே வேண்டாம். பல பக்கங்களைச் சேர்க்க பிடிஎஃப்சாம். மூன்றுக்கும் இணையம் வேண்டாம். செல்வி பழகப் பத்து நாள் ஆனது. இப்போது தளத்தில் செய்ததைவிட வேகம்.

செலவுக் கணக்கு: பிரவுசர்கள் இலவசம். செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி ராம் 600 ரூபாய். அந்த டீயும் பன்னும் 35. வாங்காமல் விட்ட கட்டணம் எல்லாம் சேர்த்து 400 இருக்கும். ராம் போட்ட கதையும் சொல்ல வேண்டும். ஃபயர்பாக்ஸ் கனமா குரோம் கனமா என்று ஒரே எட்டு டேப்பைத் திறந்து டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். இரண்டும் 1.5 ஜிபியை ஒட்டித்தான். 4 ஜிபியில் இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு முட்டும் என்பதால்தான் ராம். வித்தியாசம் தெரிந்தது தடுப்பானில்: விளம்பரம் நிறைந்த ஒரு வேலைவாய்ப்புச் செய்திப் பக்கம் தடுப்பான் இல்லாமல் 19 விநாடி, இருந்தால் 6.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்து 2026 அக்டோபர் வரை நீட்டியிருக்கிறேன். அதற்குள் முன் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றலாமா என்று பார்க்க வேண்டும். பிரவுசருக்குப் பிரச்சினை இல்லை, பிரிண்டருக்குத்தான் பயம்.

மறுபடி செய்வதாக இருந்தால் பிரவுசரைத் தொடவே மாட்டேன், முதல் வாரம் முழுக்க அந்தத் தாளோடுதான். அப்புறம், எதை மாற்றினாலும் வாடிக்கையாளர் உட்காருவதற்கு முன் ஒரு போலி விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கம் வரை நானே நிரப்பிப் பார்ப்பேன்.

போன வாரம் அந்தப் பெண் ஹால் டிக்கெட் எடுக்க வந்தாள். மெயில் கட்டத்தில் ஒரு எழுத்து அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதுவும் இறங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "மாத்திட்டீங்களாண்ணே?" என்றாள். அவள் பக்கத்தில், கல்லா மேஜை மேல், லாங் சைஸ் நோட்டு ஒன்று திறந்தபடி கிடந்தது. பாஸ்வேர்டு மறந்துபோகிற ஊர்க்காரர்கள் "நீயே எழுதி வச்சுக்க தம்பி" என்று சொல்லிச் சொல்லி எட்டு வருடமாக எழுதிய நோட்டு. பெயர், ஐடி, பாஸ்வேர்டு, நீல மையில், பக்கம் பக்கமாக. நோட்டை மூடி டிராயருக்குள் தள்ளினேன். டிராயருக்குப் பூட்டு வாங்கியாகிவிட்டது, 120 ரூபாய். நேற்றுகூட ஒரு பெரியவர் வந்து, "என் நம்பரு உன் நோட்டுல இருக்கும் பாரு" என்றார். இருந்தது.